பாட்டில் லேபிளுக்கு ஆர்ட்வொர்க் ஃபைல் எப்படி ரெடி பண்றது? பிரஸ்ல இருந்து திரும்பி வந்திருக்கு

கெடிலம்_கிராஃபிக்ஸ் (கடலூர்)

வணக்கம். பேனர், கல்யாணப் பத்திரிகை, பில் புக் இதெல்லாம்தான் இதுவரைக்கும் பழக்கம். ஸ்டிக்கர் லேபிள் வேலை இதுதான் முதல் தடவை. ரெண்டு ஐட்டம்.

முதலாவது பண்ருட்டி பலாப்பழ ஜாம். 250 கிராம், உருண்டைக் கண்ணாடி பாட்டில், வெள்ளை பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) ஸ்டிக்கர், 5,000 லேபிள். ரெண்டாவது வறுத்த முந்திரி. 200 கிராம் பிளாஸ்டிக் டப்பா, சில்வர் ஸ்டிக்கர், 1,000 லேபிள்.

கோரல்டிராவில் ஏ4 பேஜ் நடுவுல வெச்சு டிசைன் பண்ணி, சிடிஆர் ஃபைலும் ஒரு ஜேபிஜியும் அனுப்பினேன். "டைலைன் இல்லை. பிளீட் இல்லை. கலர் ஆர்ஜிபி. தமிழ் ஃபான்ட் திறக்கலை. சில்வருக்கு ஒயிட் பிளேட் எங்கே?" என்று பதில் வந்திருக்கு.

பிளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டிவிடற கலர்) என்னன்னு தெரியும். மத்தது அரைகுறை. எங்கிருந்து ஆரம்பிக்கணும், எந்த அளவுக்கு எது வைக்கணும்னு விவரமா சொன்னா உதவியா இருக்கும்.


பிரீபிரஸ்_புதுவை

அவங்க கேட்டது எல்லாமே நியாயம்தான். பேனர் அடிக்கிற ஃப்ளெக்ஸ் வேற, லேபிள் அடிக்கிற ஃப்ளெக்ஸோ (ரப்பர் மாதிரி வளையற பிளேட்ல ரோலா அச்சடிக்கிற முறை) வேற. பேர்ல மட்டும்தான் ரெண்டும் பங்காளி. பேனர்ல 72 டிபிஐ படம் போட்டாலும் ஜனங்க 20 அடி தள்ளி நின்னு பார்க்கறதால தப்பிச்சிடும். லேபிளைக் கையில எடுத்துக் கண்ணுகிட்ட கொண்டு போய்ப் படிப்பாங்க.

சாஃப்ட்வேரைத் திறக்கிறதுக்கு முன்னாடி பிரஸ்கிட்ட கேட்டுக்க வேண்டியது: எந்த மெஷின், இந்த சைஸுக்கு ரெடியா டை (லேபிளை வெட்டற அச்சு) இருக்கா, எத்தனை கலர் அடிக்க முடியும், ஒட்டப்போறது கையாலயா மெஷினாலயா. 5,000 லேபிள் ஃப்ளெக்ஸோவிலயும் 1,000 லேபிள் டிஜிட்டல்லயும் போகும்னு வெச்சுக்கிட்டுப் பேசறேன். டிஜிட்டல்ல பிளேட் கிடையாது. ஃப்ளெக்ஸோவில கலருக்கு ஒரு பிளேட், கடைசி நேரத்துல ஒரு எழுத்து மாத்தினாலும் அந்த பிளேட் காசு போச்சு.

அளவு எடுக்கிறதுல ஆரம்பிங்க. சுற்றளவை ஸ்கேல் வெச்சு அளக்காதீங்க. பேப்பர் துண்டை பாட்டில் மேல இறுக்கிச் சுத்தி, ரெண்டு முனையும் சேர்ற இடத்துல பேனாவால கோடு போட்டு, விரிச்சு அளங்க. உயரத்துக்கு ஸ்டீல் ஸ்கேலை பாட்டில் மேல நட்டுக்குத்தா சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. ஸ்கேலுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வெளிச்சம் தெரிய ஆரம்பிச்சா, நேர் பகுதி அங்கே முடிஞ்சுதுன்னு அர்த்தம். அந்த நேர் பகுதியிலயும் மேல 3 மி.மீ., கீழ 3 மி.மீ. விட்டுடுங்க. தோள் வளைவுல ஏறின லேபிள் அன்னைக்கு ஒட்டிக்கும், ரெண்டு நாள்ல ஓரம் சுருங்கித் தூக்கிடும். டப்பா அடியில சிறுத்து மேல அகலமா இருந்தா நேர் செவ்வக லேபிள் ஒட்டவே ஒட்டாது, விசிறி மாதிரி வளைஞ்ச டை வேணும். முந்திரி டப்பாவை அப்படிப் பார்த்துடுங்க.

டைலைன்: லேபிளை வெட்டப்போற கோடு. தனி லேயர்ல, தனி ஸ்பாட் கலர்ல (நாலு கலர்ல கலக்காம தனிப் பேர்ல நிக்கிற கலர்), ஃபில் இல்லாம, 0.25 பாயிண்ட் கோடா இருக்கணும். அதுக்கு ஓவர்பிரிண்ட் அவுட்லைன் (அடிக் கலரை வெட்டாம அதுக்கு மேலேயே வர்ற செட்டிங்) போட்டே ஆகணும். கோட்டைச் சாதா மெஜந்தாவில் போட்டா அது லேபிள்லயே அச்சாகி வரும். ஸ்பாட் கலர்ல போட்டு ஓவர்பிரிண்ட் கொடுக்காம விட்டுட்டா, அடியில இருக்கிற கலரை அது வெட்டி எடுத்துடும், ஓரத்துல மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு தெரியும். மூலை வளைவு எவ்வளவுன்னு பிரஸ் டையைப் பார்த்துதான் போடணும், நம்ம இஷ்டத்துக்கு வரையக்கூடாது.

பிளீட் நாலு பக்கமும் 2 மி.மீ. எழுத்து, லோகோ எல்லாம் வெட்டுக்கோட்டுக்கு உள்ளே 2 மி.மீ. தள்ளி. டை அரை மில்லி இப்படி அப்படி நகர்றது சகஜம், அதனால ஓரத்தை ஒட்டி மெல்லிசா பார்டர் போடாதீங்க. ஓரத்துல இருந்து 1 மி.மீ. தள்ளி பார்டர் போட்டு டை அரை மில்லி நகர்ந்தா, ஒரு பக்கம் 0.5, எதிர்ப் பக்கம் 1.5 ஆகிடும். மூணு மடங்கு வித்தியாசம், யாரு கண்ணுக்கும் தெரியும். பார்டர் வேணும்னு கஸ்டமர் பிடிவாதம் பிடிச்சா 3 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்க.

கலர். கோரல்ல டாக்குமென்ட் பிரைமரி கலர் மோடு ஆர்ஜிபியில (ஸ்கிரீனுக்கான கலர்) இருந்திருக்கும். அதுல எடுத்த கறுப்பு, சிஎம்ஒய்கே (அச்சு மை நாலு: சி சியான், எம் மெஜந்தா, ஒய் மஞ்சள், கே கறுப்பு) ஆகும்போது நாலு கலரும் கலந்த கறுப்பா மாறும். 6 பாயிண்ட் எழுத்து நாலு பிளேட்லயும் உட்கார்ந்தா, ரெஜிஸ்டர் (பிளேட் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு பொருந்தறது) இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்துல சிவப்பு நிழல், நீல நிழல் தெரியும். சின்ன எழுத்து, டேபிள் கோடு, பார்கோடு எல்லாம் கே 100 மட்டும், மத்த மூணும் சுழியம். எடிட் மெனுவில ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல கலர் மாடலை மொத்தமா மாத்தற வழி இருக்கு, ஆனா மாத்தின பிறகு கறுப்பை மட்டும் கையால செக் பண்ணுங்க. பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் கே 100 கூட சி 40 சேர்த்துக்கலாம், இல்லேன்னா வெளுத்த மாதிரி இருக்கும். மொத்த மை 280 சதவீதத்தைத் தாண்ட விடாதீங்க. பிபி மேல மை உறிஞ்சாது.

ஸ்கிரீன்ல பளிச்னு தெரியற நீலம் அச்சுல ஊதாவா வரும். சி 100, எம் 100 வெச்சா அது ஊதாதான். நீலம் நீலமா வரணும்னா எம் அளவு சி-யை விட 30 சதவீதமாவது குறைவா இருக்கணும். பலாச்சுளை மஞ்சளுக்கு இந்தச் சிக்கல் இல்ல. எம் 18, ஒய் 100ல நல்லாவே வரும். சி ஒரு துளி கலந்தாலும் பச்சை தட்டி காய் மாதிரி ஆகிடும், அதைப் பார்த்துக்குங்க.

ஃப்ளெக்ஸோவில அப்படியே தேய்ஞ்சு வெள்ளையாகிற ஃபேட் இருந்தா ஜாக்கிரதை. ரெண்டு மூணு சதவீதத்துக்குக் கீழ புள்ளி நிக்காது. நீங்க சுழியம் வரைக்கும் தேய்ச்சிருந்தாலும் அச்சுல ஒரு இடத்துல டக்குனு கோடு போட்ட மாதிரி முடியும். ஒண்ணு, தேய்வை 3 சதவீதத்துலயே நிறுத்தி அந்த 3 சதவீதத்தை லேபிள் ஓரம் வரைக்கும் ஓட விடுங்க. இல்ல, ஃபேட்டே வேண்டாம்.

படம் அச்சாகிற சைஸ்ல 300 டிபிஐ. வாட்ஸ்அப்ல வந்த படத்தை ஃபோட்டோஷாப்ல 300னு மாத்தினா நம்பர்தான் மாறும், படம் மாறாது. அவங்களை டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

கடைசியா, பேஜ் சைஸ் ஏ4 கூடாது. பேஜ் சைஸே லேபிள் சைஸ். பப்ளிஷ் டு பிடிஎஃப்ல பிடிஎஃப்/எக்ஸ்-4 அல்லது எக்ஸ்-1ஏ, ஆப்ஜெக்ட்ஸ் டேப்ல எல்லா எழுத்தையும் கர்வ் (வெறும் வடிவம்) ஆக்கு, பிரீபிரஸ் டேப்ல பிளீட் 2 மி.மீ. லென்ஸ், டிரான்ஸ்பரன்சி, ஷேடோ மாதிரி எஃபெக்ட் இருந்தா அதை மட்டும் 300 டிபிஐ சிஎம்ஒய்கே பிட்மேப்பா மாத்திட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க.


எழுத்துருப்_பித்தன்

மேலே சொன்னதில் தமிழ் பற்றி ஒன்றும் இல்லை. அது தனிச் சிக்கல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் திறக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். யூனிகோடில் தட்டியிருந்தால் வேறு விதமான ஆபத்து. இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி வசதியைத் திறந்துவிட்டு, பாரா பேனலில் தெற்காசியக் கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அச்சகத்தில் தமிழ் தெரியாதவர் வேலை செய்தால் அவர் கண்ணில் அது படாது. ஆகவே உங்கள் கணினியிலேயே சரிபார்த்து, கோரலில் கன்ட்ரோல்+கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ கொடுத்து எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள். மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முகவரியில் ஒரு எண் தப்பு என்று நாளைக்குத் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து தட்ட முடியாது.

அளவு. ஆங்கிலம் 5 பாயிண்டில் பிழைத்துக்கொள்ளும், தமிழ் பிழைக்காது. ண, ணை, ஞ, ஐ, ழ ஆகியவற்றின் சுழிகள் மை பரவி அடைந்துவிடும். வெள்ளைத் தளத்தில் கறுப்பு என்றால் 7 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். அடர்ந்த நிறத்துக்கு நடுவே வெள்ளை எழுத்து என்றால் 8 பாயிண்ட், அதுவும் தடிமனான எழுத்துரு. அந்த வெள்ளை எழுத்தின் பின்னணி ஒரே மையாக இருந்தால் நல்லது. நாலு மைக்கு நடுவே திறந்த எழுத்து, ரெஜிஸ்டர் நகர்ந்தால் நிரம்பிப்போகும்.

எல்லாரும் மறப்பது மெய்யெழுத்தின் புள்ளி. மெல்லிய எழுத்துருவில் 6 பாயிண்டில் புள்ளியின் விட்டம் 0.2 மி.மீ.க்கும் கீழே போய்விடும், பிளேட்டில் அது நிற்காது. 'சர்க்கரை, உப்பு' என்று நீங்கள் வைத்தது 'சரககரை, உபபு' என்று வரும். பொருள்பட்டியலுக்கு, புள்ளி பெரிதாக உள்ள எழுத்துருவாகப் பார்த்து எடுங்கள்.

எழுத்து மெலிதாக இருக்கிறதே என்று அவுட்லைன் கொடுத்துத் தடிமன் ஆக்காதீர்கள். சுழி அடையும். சில எழுத்துருக்களில், குறிப்பாக வேரியபிள் எழுத்துருக்களில், ஒரே எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துண்டுகளால் ஆனது. வடிவமாக்கிக் கோடு கொடுத்தால் அந்தத் துண்டுகளின் ஓரம் எழுத்துக்கு உள்ளேயே தெரியும். வெல்ட் செய்துவிட்டு (துண்டுகளை ஒன்றாக இணைத்து) பிறகு நிறம் கொடுங்கள். எழுத்திடைவெளியையும் கூட்டாதீர்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் போய்விடும்.


கெடிலம்_கிராஃபிக்ஸ்

பாமினியேதான். ரெண்டு பேருக்கும் நன்றி.

பேப்பர் சுத்தி அளந்துட்டேன். ஜாம் பாட்டில் சுற்றளவு 213.5 மி.மீ., நேர் பகுதி 62 மி.மீ. அப்போ உயரம் 56. நீளம் 200 வெச்சுக்கலாமா? இப்போதைக்குக் கையாலதான் ஒட்டறாங்க. வியாபாரம் ஏறினா லேபிளிங் மெஷின் வாங்கற யோசனையும் இருக்காம். முந்திரி டப்பா நேர் சிலிண்டர்தான், தப்பிச்சேன்.

பிளீட் 3 மி.மீ.ன்னுதான் நான் பத்திரிகைக்கு வைப்பேன், இங்கே 2 போதுமா?


ரோல்_டு_ரோல்

200 x 56 நல்ல சைஸ். ஏன்னு சொல்றேன்.

ஃப்ளெக்ஸோ டை ஒரு உருளை மேல இருக்கும். அந்த உருளையோட சுற்றளவு பல் கணக்குல வரும். எட்டில் ஒரு அங்குல கியர்ல பல்லுக்கு 3.175 மி.மீ. 64 பல்லுன்னா 203.2. அதுல 200 மி.மீ. லேபிள் ஒண்ணு உட்கார்ந்தா நடுவுல 3.2 மி.மீ. இடைவெளி, அது சரியான இடைவெளி. இதே லேபிளைத் திருப்பிப் போட்டா, 56 பல்லு 177.8 மி.மீ., அதை மூணா வகுத்தா 59.27, லேபிள் 56 போக 3.27. ரெண்டு பக்கமும் உட்காருது. நீங்க 205ன்னு முடிவு பண்ணியிருந்தா 64ல ஏறாது. அடுத்த பல் 65 போட்டா 206.4, இடைவெளி 1.4 மி.மீ.தான், லேபிளைச் சுத்தின வேஸ்ட்டை உரிக்கும்போது அறுந்துக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் டிசைன் பண்றதுக்கு முன்னாடி டை லிஸ்ட் வாங்கணும்கிறது. 1 மில்லி குறைச்சா பழைய டையிலயே முடியற வேலைக்குப் புது டை காசு கொடுக்கிறவங்க நிறைய.

இப்போ பிளீட்டுக்கு வாங்க. இடைவெளி 3.2ன்னா பக்கத்துக்குப் பக்கம் 1.6தான் கிடைக்கும், அதுக்கு மேல போனா அடுத்த லேபிள் மேல ஏறும். ஃபைல்ல 2 கொடுங்க, 3 கொடுத்தாலும் குத்தமில்ல, ஸ்டெப் பண்றப்போ (லேபிளை வரிசையா அடுக்கறப்போ) அவங்களே 1.6ல வெட்டிப்பாங்க. ஆனா அந்தப் பிளீட்ல வெறும் பேக்ரவுண்ட் மட்டும் இருக்கணும். பத்திரிகைக்கு 3 வைக்கிறது சரி. அங்கே பக்கத்துல இன்னொரு லேபிள் காத்துக்கிட்டு இல்ல.

மெஷின் வாங்கற யோசனை இருக்குன்னு சொன்னீங்களே, அதான் இங்கே பெரிய விஷயம். சுத்தி ஒட்டற மெஷின்ல பாட்டில் உருளும், லேபிள் நீளவாக்குலதான் வெளியே வரணும். அதாவது 200 மி.மீ. பக்கம் ரோல் ஓடற திசையில இருக்கணும், 64 பல்லு வழி. 56 பக்கம் ஓடற மாதிரி அடிச்சு வெச்ச ரோல் அந்த மெஷினுக்கு ஆகாது. கையால ஒட்டறதுக்கு எப்படி அடிச்சாலும் ஒண்ணுதான். ஆகவே இப்பவே 200ஐ ஓடற திசையில வெச்சு அடிச்சுக்குங்க. பிறகு மெஷின்காரர்கிட்ட கோர் சைஸ் (ரோலுக்கு நடுவுல இருக்கிற குழாய், 76 மி.மீ.யா 25 மி.மீ.யா), ரோலோட அதிகபட்ச விட்டம், எழுத்தோட இடது பக்கம் முதல்ல வெளியே வரணுமா வலது பக்கமா, பிரிண்ட் வெளிப்பக்கமா உள்பக்கமா, இது நாலையும் எழுதி வாங்கி பிரஸ்ல கொடுத்தா போதும்.

இதனால பார்கோடும் மாறும். ஃப்ளெக்ஸோவில பார்கோடு கோடுகள் ரோல் ஓடற திசைக்கு இணையா இருக்கணும். குறுக்கே இருந்தா பிளேட் அழுத்தத்துல ஒவ்வொரு கோடும் தடிச்சு, இடைவெளி குறைஞ்சு ஸ்கேன் ஆகாது. இணையா இருந்தா தடிப்பு கோட்டோட முனையில போயிடும், அகலம் அவ்வளவா மாறாது. உங்க லேபிள்ல 200 ஓடற திசைன்னா, பாட்டிலை நிமிர்த்தி வெச்சா கோடுகள் படுத்திருக்கணும், ஏணிப்படி மாதிரி. பார்கோடை 90 டிகிரி திருப்புங்க. உருண்டை பாட்டிலுக்கும் ஏணி வாக்குதான் நல்லது, வளைவுல கோடு மறையாது.

சைஸ்: இஏஎன்-13 (கடைப் பொருள்ல வர்ற 13 இலக்க பார்கோடு) முழு அளவு, ரெண்டு பக்க வெற்றிடம் சேர்த்து 37.29 x 25.93 மி.மீ. 80 சதவீதம் வரை குறைக்கலாம், அதுக்குக் கீழ கூடாது. ஃப்ளெக்ஸோவுக்கு நான் 90ல நிறுத்துவேன், 33.6 x 23.3. இடது வெற்றிடம் முழு அளவுல 3.63, வலது 2.31. இந்த வெற்றிடத்துல ஒரு கோடு, ஒரு எழுத்து, ஒரு பலா இலைகூட வரக்கூடாது. டிசைனர்களுக்கு வெற்று இடத்தைப் பார்த்தா கை அரிக்கும், அடக்கிக்கணும். கறுப்பு கோடு, வெள்ளைத் தளம். சிவப்பு, ஆரஞ்சு, பிரவுன் கோடு கூடாது, ஸ்கேனரோட சிவப்பு வெளிச்சத்துல அது தளத்தோட கலந்துடும்.

கோரல்ல இன்சர்ட் பார்கோடு போட்டா அது ஓஎல்ஈ ஆப்ஜெக்ட்டா (வேற புரோகிராம்ல இருந்து இணைச்ச துண்டா) வரும். கட் பண்ணி, பேஸ்ட் ஸ்பெஷல்ல மெட்டாஃபைலா ஒட்டி, அன்குரூப் பண்ணி, எல்லாக் கோட்டுக்கும் கே 100 கொடுங்க. ஜேபிஜி பார்கோடு வேண்டவே வேண்டாம்.


மஞ்சக்குப்பம்_வாசி

டிசைன் சரியா இருந்தும் அச்சான லேபிள் வேஸ்ட் ஆகறது பெரும்பாலும் எழுத்து விஷயத்துலதான். ஆர்ட்வொர்க் போடறதுக்கு முன்னாடி கஸ்டமர்கிட்ட மேட்டரை எழுத்துல வாங்குங்க, ஃபோன்ல சொன்னதைத் தட்டாதீங்க.

உணவுப் பொருள்ங்கிறதால எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லேபிளிங் விதிகள் (2020), பேக் பண்ணின பொருளுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் (2011) ரெண்டும் பொருந்தும். பொருள் பேர், தயாரிப்பாளர் முழு முகவரி, நிகர எடை, பொருள்பட்டியல், சத்து அட்டவணை, 14 இலக்க லைசென்ஸ் எண் லோகோவோட, பேட்ச், தயாரிச்ச தேதி, காலாவதி, எல்லா வரிகளும் சேர்த்த எம்ஆர்பி, நுகர்வோர் தொடர்பு. ஒரு கிராம் என்ன விலைங்கிறதும் வரணும். 250 கிராம் 180 ரூபாய்ன்னா கிராம் 0.72 ரூபாய். இந்தக் கட்டாய விவரமெல்லாம் ஆங்கிலத்துல அல்லது தேவநாகரி இந்தியில இருக்கணும். தமிழ் அதுக்கு மேல கூடுதலாப் போட்டுக்கலாம், தமிழ் மட்டும் போதாது. இடம் கணக்கு போடும்போது இதை மறந்துட்டு கடைசியில எழுத்தை நசுக்கறாங்க.

முந்திரிக்கு ஒவ்வாமை வரி கட்டாயம், கொட்டைப் பருப்பு அடங்கியதுன்னு. ஜாம் செய்யற அதே இடத்துல முந்திரியும் வறுத்தா ஜாம் லேபிளுக்கும் அதைப் பத்திக் கேளுங்க.

பச்சைப் புள்ளி சின்னம்: முகப்புப் பரப்பு 100 சதுர செ.மீ. வரைக்கும் வட்டத்தோட விட்டம் குறைஞ்சது 3 மி.மீ., 100ல இருந்து 500 வரைக்கும் 4 மி.மீ. சுத்தி இருக்கிற சதுரத்தோட பக்கம் விட்டத்தைப் போல ரெண்டு மடங்கு. சதுரத்துக்கும் பச்சைக் கோடுதான், கறுப்பு இல்ல.

நிகர எடை எண்ணோட உயரத்துக்கும் குறைந்தபட்ச அளவு விதியில இருக்கு. அது பாயிண்ட் கணக்கு இல்ல, அச்சான எண்ணோட உயரம் மில்லிமீட்டர்ல. கர்வ் ஆக்கின பிறகு எண்ணை செலக்ட் பண்ணி உயரத்தைப் பாருங்க.

பேட்ச், தேதி, எம்ஆர்பி மாறிக்கிட்டே இருக்கும், அதை பாட்டில் நிரப்பறப்போதான் அடிப்பாங்க. அதுக்கு 25 x 12 மி.மீ. அளவுல ஒரு கட்டம் வெள்ளையா விடுங்க. அந்தக் கட்டத்துல வார்னிஷ் வரக்கூடாதுன்னு பிரஸ்ல சொல்லணும். யூவி வார்னிஷ் மேல ரப்பர் ஸ்டாம்ப் மையும் நிக்காது, கோடிங் மெஷின் மையும் நிக்காது, விரலால தேய்ச்சா போயிடும். வார்னிஷ் வர்ற இடத்தைத் தனி ஸ்பாட் கலர்ல, ஓவர்பிரிண்ட் போட்டு, அந்தக் கட்டத்தை மட்டும் ஓட்டையா விட்டு ஃபைல்ல கொடுத்தா குழப்பமே இல்ல. லேமினேஷன் போடறதா இருந்தா கட்டத்தை மட்டும் விட முடியாது, அதனால தேதி அடிக்கிற லேபிளுக்கு வார்னிஷே வசதி.

சத்து அட்டவணைக் கோடு ஹேர்லைன்ல வேண்டாம், 0.4 பாயிண்ட் கொடுங்க.


கெடிலம்_கிராஃபிக்ஸ்

ஏணி பார்கோடு இப்பதான் கேள்விப்படறேன். ஜாம் பாதி முடிஞ்சிடுச்சு. சில்வருக்கு ஒயிட் பிளேட் எப்படிப் பண்றது? முந்திரி படம், பேர், மத்த எழுத்து எல்லாம் இருக்கு. பேர் மட்டும் தங்கமா மின்னணும்னு கேக்கறாங்க.


பிரீபிரஸ்_புதுவை

சிஎம்ஒய்கே மைக்குப் பின்னாடி வெளிச்சம் தெரியும். வெள்ளை ஸ்டிக்கர்ல அந்த வெளிச்சம் வெள்ளை. சில்வர்ல அடியில சில்வர், அதனால வெள்ளை மை போடாம அடிச்ச முந்திரி படம் சாம்பல் பூசின மாதிரி வரும். எங்கெல்லாம் சாதாரணக் கலர் வேணுமோ அங்கே கீழே வெள்ளை. எங்கே உலோக மினுமினுப்பு வேணுமோ அங்கே வெள்ளை கிடையாது.

உங்க தங்கத்துக்குத் தங்க மை தேவையில்ல. வெறும் சில்வர் மேல எம் 20, ஒய் 90 போட்டா அதுவே தங்கம். எம்-ஐ 45க்கு ஏத்தினா செம்பு. அந்தப் பேருக்கு அடியில மட்டும் வெள்ளை வராம பார்த்துக்குங்க.

செய்முறை: படம், லோகோ, எழுத்துத் தளம் இதோட வெளி வடிவத்தைக் காப்பி பண்ணி, தனி லேயருக்குக் கொண்டுபோய், வெல்ட் பண்ணி ஒரே வடிவமா ஆக்குங்க. அதை உள்பக்கமா 0.15 மி.மீ. சுருக்கணும். கோரல்ல கான்டூர், உள்நோக்கி; இல்லஸ்ட்ரேட்டர்ல ஆஃப்செட் பாத், மைனஸ் 0.15. சுருக்கலேன்னா ரெஜிஸ்டர் கொஞ்சம் நகர்ந்ததும் படத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். சுருக்கணும்கிறது லேபிள் ஓரத்துக்குப் பொருந்தாது, அங்கே வெள்ளையும் பிளீட் வரைக்கும் போகணும்.

புதுசா ஒரு ஸ்பாட் கலர் உருவாக்கி 'ஒயிட்'னு பேர் வைங்க. ஸ்பாட் பேரை ஆங்கிலத்துல, பிரஸ் சொல்ற அதே எழுத்துக்கூட்டல்ல தட்டணும், மெஷின் அந்தப் பேரை வெச்சுதான் பிளேட்டை அடையாளம் பார்க்கும் (டிஜிட்டல்ல நிஜ பிளேட் இல்லேன்னாலும், ஃபைல்ல ஒவ்வொரு மைக்கும் இருக்கிற தனிப் பிரிவையும் பிளேட்னுதான் சொல்வோம்). ஸ்கிரீன்ல தெரியறதுக்காக அதுக்கு இளம் மெஜந்தா மாதிரி ஏதாவது ஒரு நிறம் கொடுங்க, அச்சுல அது வெள்ளையாத்தான் வரும். அந்த வடிவத்துக்கு ஓவர்பிரிண்ட் ஃபில் போடுங்க, 100 சதவீதம்.

இதுக்கு நேர்மாறான விபத்து ஒண்ணு இருக்கு. சாதாரண வெள்ளை எழுத்துக்கு, அதாவது கலரே இல்லாத எழுத்துக்கு, தவறி ஓவர்பிரிண்ட் போட்டுட்டா அது அச்சுல காணாமப் போகும். கோரல் ஸ்கிரீன்ல பார்த்தா எழுத்து இருக்கும், பிளேட்ல இருக்காது. பெரும்பாலும் கறுப்பு எழுத்தை காப்பி பண்ணி வெள்ளையாக்கும்போது பழைய ஓவர்பிரிண்ட் ஒட்டிக்கிட்டு வரும்.

பார்கோடு, பச்சைப் புள்ளி, தேதிக் கட்டம் மூணுக்கும் அடியில முழு வெள்ளை. சில்வர் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், ஸ்கேனருக்கு ஒண்ணும் புரியாது. பார்கோடோட வெற்றிடத்தையும் சேர்த்து வெள்ளை போடணும், கோடு வரைக்கும் மட்டும் போட்டா போதாது. ஒரு தடவை அடிச்ச வெள்ளை சில்வர்ல சாம்பல் தட்டித்தான் நிக்கும், அந்த இடத்துக்கு ரெண்டு தடவை வெள்ளை அடிக்க முடியுமான்னு கேளுங்க.

பிடிஎஃப் ஆனதும் அக்ரோபேட்ல அவுட்புட் பிரிவியூ திறந்து, பிளேட்டை ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. கே அணைச்சா சின்ன எழுத்து மொத்தமும் மறையணும், மிச்சம் நிழல் நின்னா அது நாலு கலர் கறுப்பு. ஒயிட் மட்டும் போட்டுப் பார்த்தா பேர் இருக்கிற இடம் வெறுமையா இருக்கணும். லிஸ்ட்ல சிஎம்ஒய்கே, ஒயிட், டைலைன், வார்னிஷ் தவிர வேற பேர் ஏதாவது இருந்தா எங்கிருந்தோ ஒரு ஸ்பாட் கலர் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, அதைச் சிஎம்ஒய்கே ஆக்கிடுங்க. ஃப்ளெக்ஸோவில அது ஒரு பிளேட் காசு.


கெடிலம்_கிராஃபிக்ஸ்

ஜாம் லேபிளை சாதா லேசர்ல 100 சதவீதத்துல, ஃபிட் டு பேஜ் எடுத்துட்டு அடிச்சு, வெட்டி, பாட்டில்ல சுத்திப் பார்த்தேன். பின்னாடி 13.5 மி.மீ. இடைவெளி சரியா வருது. பாட்டில் கண்ணாடியில இருக்கிற வார்ப்புக் கோடு ஒண்ணு அந்த இடைவெளிக்கு நடுவுல வர்ற மாதிரி ஒட்டச் சொல்லலாமா? பார்க்க நீட்டா இருக்கும்னு தோணுது.


ரோல்_டு_ரோல்

வேண்டாம். கண்ணாடி பாட்டில் ரெண்டு பாதி அச்சுல வார்க்கிறது, கோடு எதிரெதிரா ரெண்டு இருக்கும். ஒண்ணை இடைவெளி நடுவுல வெச்சா இன்னொண்ணு 107 மி.மீ. தள்ளி, நேரா முகப்போட நடுவுல, உங்க பலாப்பழப் படத்துக்கு நடுவுல முதுகெலும்பு மாதிரி எழும்பி நிக்கும்.

முகப்புக்கு 80 மி.மீ. எடுத்தா அது லேபிள்ல 60ல இருந்து 140 வரைக்கும். லேபிளோட இடது ஓரத்துல இருந்து 55 மி.மீ.யில ஒரு கோடு வர்ற மாதிரி ஒட்டினா இன்னொண்ணு 162ல விழும், ரெண்டும் முகப்புக்கு வெளியே. ஏணி பார்கோடை 170க்கும் 194க்கும் நடுவுல வைங்க, தேதிக் கட்டம் இடது பக்கம் 10ல இருந்து 35. 55ஐயும் 162ஐயும் ஒட்டி 3 மி.மீ. அகலத்துக்கு எழுத்து எதுவும் வராம நகர்த்திடுங்க. ஒட்டறவங்களுக்கு அடையாளம் வேணும்னா 55ல லேபிளோட கீழ் ஓரத்துல, டிசைன்லயே கலந்த மாதிரி ஒரு சின்ன இலை நுனி வெச்சுடுங்க. அந்த நுனியைக் கோட்டுமேல வெச்சு ஒட்டச் சொன்னா போதும்.